ஜெயிலுக்குள் கச்சேரி நடத்திய கறுப்பு சட்டை பாடகர்! அண்ணன் சாவை கடைசி வரை மறக்காத ஜானி கேஷ்

ஜெயில் சாப்பாட்டு கூடம். உள்ளே சுமார் ஆயிரம் கைதிகள். திருடர்கள், கொள்ளைக்காரர்கள், ஆளை கொன்றவர்கள். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர்கள்.

"பாடகர் தன் பெயரை சொல்லும் வரை யாரும் கை தட்டக்கூடாது. இசைத்தட்டுக்காக பதிவு செய்கிறோம்" என்று கைதிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.

காலை மணி 9.40. உயரமான ஓர் ஆள் மைக் முன்னால் வந்து நின்றார். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. "ஹலோ, நான் ஜானி கேஷ்" என்றார்.

அவ்வளவுதான்! கூடமே அதிர்ந்தது.

அது 1968-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி. இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள போல்சம் ஜெயில். அன்று காலை ஒன்று, மதியம் ஒன்று என்று 2 கச்சேரி நடந்தது. அந்த இசைத்தட்டு, கீழே விழுந்து கிடந்த ஒரு பாடகரை மறுபடியும் மேலே தூக்கி விட்டது.

"இந்த ஆளும் ஜெயிலில் கம்பி எண்ணியவர்தான்" என்று அமெரிக்காவில் பலர் நினைத்தார்கள். இன்றும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. உண்மை அது அல்ல. போலீசார் அவரை பல முறை பிடித்தது நிஜம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ராத்திரி லாக்கப், மறுநாள் வெளியே. தண்டனை கைதியாக அவர் இருந்ததே இல்லை.

பிறகு ஏன் குற்றவாளி மாதிரியே பாடினார்? அதற்கு 1944-ம் ஆண்டின் ஒரு சனிக்கிழமைக்கு போகவேண்டும்.

பருத்தி காடு

ஜானி கேஷ் 1932-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி அர்க்கன்சா மாநிலத்தில் உள்ள கிங்ஸ்லாண்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பெயர் ரே. தாய் கேரி. 7 குழந்தைகள். இவர் 4-வது பிள்ளை.

பெற்றோர் வைத்த பெயர் "ஜே.ஆர்." வெறும் 2 எழுத்துதான். அதற்கு விரிவு கிடையாது!

அமெரிக்கா முழுவதும் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அரசாங்கம், ஏழை விவசாயிகளுக்காக டையஸ் என்ற இடத்தில் புதிய குடியிருப்பு ஒன்றை அமைத்தது. 1935-ல் கேஷ் குடும்பத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. 20 ஏக்கர் நிலம், 5 அறை கொண்ட ஒரு வீடு, ஒரு கோவேறு கழுதை. எல்லாம் கடன்தான். விளைவித்து அடைக்கவேண்டும்.

நிலம் என்று பெயர். உள்ளே போய் பார்த்தால் புதரும் மரமும் சேறும்! அதை வெட்டி பருத்தி போட்டார்கள். 1937-ல் வெள்ளம் வந்து ஊரையே காலி செய்ய வைத்தது. திரும்பி வந்து மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார்கள்.

5 வயதிலேயே ஜே.ஆர். காட்டுக்கு போக ஆரம்பித்துவிட்டான். பருத்தி எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் ரத்தம் கசியும். வேலை நேரத்தில் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். களைப்பு தெரியாமல் இருக்க அதுதான் வழி.

தந்தை முரட்டு ஆசாமி. குடிப்பார். மகன் ஆசையாக வளர்த்த நாயை ஒரு நாள் சுட்டுப்போட்டுவிட்டார். அதை பற்றி மகன் 60 வயதுக்கு பிறகும் எழுதியிருக்கிறார் என்றால், எவ்வளவு ஆழமாக பதிந்திருக்கவேண்டும்!

அந்த வீட்டில் சிறுவனுக்கு இருந்த ஒரே ஆறுதல், அண்ணன் ஜாக்.

சனிக்கிழமை

ஜாக் 2 வயது மூத்தவன். எப்போதும் பைபிளும் கையுமாக இருப்பான். பெரியவன் ஆனதும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அவனுடைய ஆசை. தம்பிக்கு அவன்தான் எல்லாம்.

1944-ம் ஆண்டு மே மாதம். ஒரு சனிக்கிழமை காலை. பள்ளிக்கூட பட்டறையில் வேலிக்கு மரம் அறுக்கும் வேலை இருந்தது. போனால் 3 டாலர் கிடைக்கும். ஜாக் கிளம்பினான்.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்கு போகவேண்டாம், மீன் பிடிக்க போகலாம் என்று கெஞ்சிக்கொண்டே கூட நடந்தான். வீட்டுக்கு பணம் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜாக் பட்டறைக்கு போய்விட்டான். தம்பி தூண்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பக்கம் போனான்.

அங்கே போயும் மனது ஓடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். எதிரே பாதிரியாரின் கார் வந்தது. உள்ளே தந்தை இருந்தார். தூண்டிலை போட்டுவிட்டு ஏறச்சொன்னார்.

சுழலும் ரம்பத்தில் சிக்கி ஜாக்கின் வயிறு கிழிந்துவிட்டது.

தந்தை 12 வயது மகனை வீட்டுக்கு பின்னால் இருந்த கொட்டகைக்கு கூட்டிப்போனார். ஒரு பையில் இருந்து ஜாக்கின் உடைகளை எடுத்து தரையில் பரப்பி காட்டினார். எல்லாம் ரத்தம்.

ஜாக் உடனே சாகவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் உயிருக்கு போராடினான். கடைசி நேரத்தில், தேவதூதர்கள் பாடுவது கேட்கிறதா என்று தாயிடம் கேட்டானாம். மே 20-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 14.

அடக்கம் முடிந்த மறுநாளே குடும்பம் முழுவதும் பருத்தி காட்டில் நின்றது. துக்கம் கொண்டாட ஏழைக்கு ஏது நேரம்? தாய் கேரி வரப்பு நடுவிலே முழங்கால் மடங்கி விழுந்தார். எழுந்தார். மீண்டும் வேலை செய்தார். பக்கத்தில் நின்று அதை பார்த்துக்கொண்டிருந்தான் ஜே.ஆர்.

தாய் கண்ட குரல்

அந்த தாய்க்கு கிட்டார் வாசிக்க தெரியும். மகனுக்கு குரல் உடைந்து, அடி வயிற்றில் இருந்து வருகிற கட்டைக்குரல் வந்தபோது அவர் அசந்துபோனார். இது கடவுள் கொடுத்த வரம் என்றார். பள்ளிக்கூட ஆசிரியர்களின் துணியை துவைத்து கொடுத்து, அந்த காசில் மகனை பாட்டு வகுப்புக்கு அனுப்பினார்.

பாட்டு டீச்சர் சில வகுப்புகளிலேயே நிறுத்திவிட்டார். இனி யாரிடமும் பாட்டு கற்றுக்கொள்ளாதே, உன் குரலை யாரும் மாற்ற விடாதே என்று சொல்லி அனுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த டீச்சர் கெட்டிக்காரர்!

1950-ல் ஜே.ஆர். விமானப்படையில் சேர்ந்தார். வெறும் 2 எழுத்தை பெயராக ஏற்க மாட்டோம் என்றார்கள். "ஜான் ஆர். கேஷ்" ஆனார். மேற்கு ஜெர்மனியில் லாண்ட்ஸ்பெர்க் என்ற ஊரில் வேலை. ரஷியர்கள் அனுப்பும் தந்தி குறிகளை ஒட்டுக்கேட்டு எழுதவேண்டும். மலிவு விலைக்கு ஒரு கிட்டார் வாங்கினார். ராத்திரி நேரத்தில் பாட்டு எழுத ஆரம்பித்தார்.

அங்கே போல்சம் ஜெயில் பற்றிய ஒரு சினிமா பார்த்தார். உடனே, கொலை செய்துவிட்டு உள்ளே கிடக்கும் ஒரு கைதி பாடுவது போல் "போல்சம் பிரிசன் புளூஸ்" என்ற பாட்டை எழுதினார். ஜெயில் வாசலைக்கூட அப்போது அவர் மிதித்தது கிடையாது.

அந்த பாட்டின் மெட்டும் சில வரிகளும் கோர்டன் ஜென்கின்ஸ் என்ற இசையமைப்பாளரின் பாட்டில் இருந்து எடுத்தவை. பின்னாளில் ஜென்கின்சுக்கு சுமார் 75 ஆயிரம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார். பெரிய பாடகர் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

2 மெக்கானிக்குகள்

1954-ல் ஊர் திரும்பினார். தினமும் கடிதம் எழுதி காதலித்த விவியன் லிபர்ட்டோ என்ற பெண்ணை மணந்தார். மெம்பிஸ் நகரில் குடித்தனம். வீடு வீடாக ஏறி சாமான் விற்கும் வேலை. ஒன்றும் விற்கவில்லை!

லூதர் பெர்க்கின்ஸ், மார்ஷல் கிராண்ட் என்ற 2 மோட்டார் மெக்கானிக்குகளுடன் சேர்ந்து சாயங்காலம் பாடுவார். அப்போது எல்விஸ் பிரஸ்லியை வெளிக்கொண்டு வந்து பெயர் வாங்கியிருந்த சாம் பிலிப்ஸ், அந்த ஊரில் "சன்" என்ற இசைத்தட்டு கம்பெனி நடத்தி வந்தார். அவரை போய் பார்த்தார்கள். பக்தி பாட்டு விற்காது என்று கைவிரித்த பிலிப்ஸ், சொந்த பாட்டு இருந்தால் கொண்டுவா என்றார்.

1955-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. "ஜானி" என்ற பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். மறு ஆண்டு "ஐ வாக் தி லைன்" பாட்டு கிராமிய பாட்டு வரிசையில் முதல் இடத்துக்கு போனது. டிரம் வாசிக்க ஆள் இல்லாததால், கிட்டார் கம்பிகளுக்கு நடுவே காகிதத்தை சொருகி டிரம் மாதிரி சத்தம் எழுப்பினார். வறுமையில் பிறந்த அந்த தந்திரம்தான் அவருடைய தனி முத்திரை ஆனது.

மனைவிக்கு உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்யும் பாட்டு அது. காப்பாற்றினாரா? அதுதான் இல்லை.

மாத்திரை

வருஷத்தில் பாதிக்கு மேல் ஊர் ஊராக கச்சேரி. ராத்திரி முழுவதும் கார் பயணம். தூக்கம் வராமல் இருக்க ஒருவர் மாத்திரை கொடுத்தார். 1957 வாக்கில் ஆரம்பித்த பழக்கம் அது. விழித்திருக்க ஒரு மாத்திரை. தூங்க வேறு மாத்திரை. பிறகு 2-ம் சேர்ந்து அவரை விழுங்க ஆரம்பித்தது.

நாலு பெண் குழந்தைகள் கலிபோர்னியா வீட்டில் அப்பா முகம் பார்க்காமல் வளர்ந்தார்கள்.

1965-ம் ஆண்டு அவருக்கு போதாத காலம். நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் மைக் கம்பத்தை இழுத்துக்கொண்டே போய் விளக்குகளை உடைத்தார். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய வண்டியால் கலிபோர்னியா காட்டில் தீப்பிடித்து 508 ஏக்கர் எரிந்தது. அபூர்வமான ராட்சத கழுகுகள் வாழும் காடு அது. அரசாங்கம் வழக்கு போட்டது. 82 ஆயிரம் டாலர் கட்டினார்.

அக்டோபர் 4-ந் தேதி டெக்சாசில் எல் பாசோ விமான நிலையத்தில் சிக்கினார். மெக்சிகோ எல்லையை தாண்டி போய் மாத்திரை வாங்கி வந்திருந்தார். கிட்டார் பெட்டியை திறந்து பார்த்த அதிகாரிகள் எண்ணி எடுத்தது: நூற்றுக்கணக்கான கிளர்ச்சி மாத்திரை, 475 மயக்க மாத்திரை!

ஒரு ராத்திரி லாக்கப். பிறகு ஆயிரம் டாலர் அபராதம். நிறுத்தி வைக்கப்பட்ட 30 நாள் தண்டனை.

கோர்ட்டுக்கு கணவனுடன் விவியனும் வந்திருந்தார். வாசலில் எடுத்த போட்டோ பத்திரிகைகளில் வந்தது. அதை பார்த்த ஒரு வெள்ளை இனவெறி பத்திரிகை, "கேஷ் கறுப்பு இன பெண்ணை கட்டியிருக்கிறார்" என்று எழுதியது. தென் மாநிலங்களில் கச்சேரியை பகிஷ்கரிக்க சொன்னார்கள். கு க்ளக்ஸ் கிளான் கூட்டம் மிரட்டியது.

தப்பு செய்தது கணவன். அடி வாங்கியது மனைவி! விவியனின் கொள்ளுப்பாட்டி வழியில் அடிமையாக பிறந்த ஒரு பெண் இருந்தது, மகள் ரோசன் கலந்துகொண்ட டெலிவிஷன் நிகழ்ச்சியில் 2021-ல்தான் வெளிப்பட்டது. அப்போது விவியன் உயிரோடு இல்லை.

1966-ல் அவர் விவாகரத்து கேட்டு மனு போட்டார்.

ஜூன்

கச்சேரி குழுவில் ஜூன் கார்ட்டர் என்ற பாடகி இருந்தார். புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்து பெண். 1963-ல் ஜானிக்கு பெரிய பெயர் வாங்கி கொடுத்த "ரிங் ஆப் பயர்" பாட்டு, ஜூனும் மெர்ல் கில்கோரும் சேர்ந்து எழுதியது. மணமானவர் மேல் வந்த காதலை நெருப்புக்கு ஒப்பிட்ட பாட்டு. யாரை நினைத்து எழுதினார் என்பதை சொல்லத்தேவை இல்லை.

மாத்திரை எங்கே ஒளித்து வைத்திருந்தாலும் ஜூன் தேடி எடுத்து தண்ணீரில் கொட்டிவிடுவார். 1967-ல் ஜூனும் அவருடைய பெற்றோரும் டென்னசியில் இருந்த ஜானியின் வீட்டிலேயே வந்து தங்கி, யாரையும் உள்ளே விடாமல் காவல் காத்தார்கள். டாக்டர் தினமும் வந்து போனார்.

செத்துவிடலாம் என்று ஒரு குகைக்குள் ஊர்ந்து போய், கடவுளை உணர்ந்து திரும்பி வந்ததாக ஜானி பின்னாளில் சொன்னார். அந்த சமயத்தில் குகை தண்ணீரில் மூழ்கி இருந்தது என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சிலர் மறுக்கிறார்கள். குகை இருக்கட்டும். ஆள் மெலிந்து எலும்பும் தோலுமாக நின்ற போட்டோக்கள் இருக்கின்றன. அதில் பொய் இல்லை.

கைதியின் பாட்டு

போல்சம் கச்சேரிக்கு முந்தின நாள் ராத்திரி. ஜெயிலுக்கு போய் வரும் ஒரு பாதிரியார் ஒரு டேப்பை கொண்டு வந்தார். கிளன் ஷெர்லி என்ற கொள்ளை கைதி, ஜெயில் கோவிலை பற்றி தானே எழுதி பாடிய பாட்டு. ஜானி திரும்ப திரும்ப கேட்டார். ராத்திரியோடு ராத்திரியாக பாடம் செய்தார்.

மறுநாள் கச்சேரியின் கடைசி பாட்டு அதுதான். முன் வரிசையில் ஷெர்லி உட்கார்ந்திருந்தார். ஜானி பாடப்போவது அவருக்கு தெரியாது!

ஒரு சின்ன ரகசியம். "போல்சம்" பாட்டில் ஆளை சுட்டதை சொல்லும் இடத்தில் கைதிகள் ஆரவாரம் செய்வது இசைத்தட்டில் கேட்கும். அது பிற்பாடு ஸ்டூடியோவில் ஒட்ட வைத்தது. காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த கைதி அதற்கு கை தட்டுவான்?

இசைத்தட்டு சக்கைபோடு போட்டது. அதே ஆண்டு மார்ச் 1-ந் தேதி ஜூனை மணந்தார். 1969-ல் சான் குவென்டின் ஜெயிலில் இன்னொரு கச்சேரி. அந்த ஜெயிலில் 1950-களின் கடைசியில் அவர் பாடியபோது கூட்டத்தில் இருந்த ஒரு கைதி, மெர்ல் ஹாகர்ட். பின்னாளில் அவரே பெரிய பாடகர் ஆனார். 1969 முதல் 71 வரை டெலிவிஷனில் சொந்த நிகழ்ச்சி. 1970-ல் வெள்ளை மாளிகையில் பாடினார். ஏழைகளை கேலி செய்யும் பாட்டு ஒன்றை ஜனாதிபதி நிக்சன் தரப்பில் கேட்டார்கள். அதை பாடவில்லை.

ஷெர்லியை அவர் மறக்கவில்லை. 1971-ல் விடுதலை ஆனபோது தானே போய் அழைத்து வந்தார். வேலை கொடுத்தார். மேடை கொடுத்தார். 1972-ல் ஜெயில் சீர்திருத்தம் பற்றி செனட் கமிட்டி முன்பு சாட்சி சொல்ல போனபோது பக்கத்திலே உட்கார வைத்தார்.

ஆனால் ஷெர்லியால் வெளி உலகத்தில் ஒட்ட முடியவில்லை. குழுவில் இருந்தவர்களை மிரட்டினார். வேறு வழி இல்லாமல் ஜானி அவரை நீக்கினார். 1978-ல் ஷெர்லி தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். இறுதி சடங்கு செலவை ஜானி ஏற்றுக்கொண்டார்.

காப்பாற்ற நினைத்த இன்னொருவரும் கை நழுவி போனார்.

தீக்கோழி உதை

மாத்திரை அவரை விட்டதா? விடவில்லை. 1981-ல் தன் தோட்டத்தில் வளர்த்த தீக்கோழி உதைத்ததில் விலா எலும்புகள் உடைந்தன. கேட்க சிரிப்பாக இருக்கும். அந்த வலிக்கு கொடுத்த மாத்திரையில் பழைய பழக்கம் தொற்றிக்கொண்டது. 1983-ல் கலிபோர்னியாவில் உள்ள பெட்டி போர்டு சிகிச்சை மையத்தில் சேர்ந்தார்.

1986-ல் கொலம்பியா கம்பெனி கழற்றி விட்டது. சுமார் 28 வருஷ உறவு! "கிழவர் கதை முடிந்தது" என்றார்கள்.

இரைச்சல் பாட்டுகளை தயாரித்து பெயர் வாங்கிய ரிக் ரூபின் என்ற தாடிக்கார இளைஞர் தேடி வந்தார். வாத்திய கோஷ்டி எல்லாம் வேண்டாம், நீங்களும் கிட்டாரும் போதும் என்றார். வீட்டு கூடத்தில் உட்கார வைத்து பதிவு செய்தார். 1994-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டு கிராமி பரிசு வாங்கியது. பேரன் வயது பிள்ளைகள் ரசிகர்கள் ஆனார்கள்.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. நரம்பு நோய். சர்க்கரை நோய். பார்வையும் மங்கியது. போதையில் சிக்கிய ஓர் இளைஞர் எழுதிய "ஹர்ட்" பாட்டை 2002-ல் பாடினார். அதற்காக எடுத்த படத்தில் கை நடுங்க ஜானி உட்கார்ந்திருப்பார். மாடிப்படியில் நின்று ஜூன் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2003-ம் ஆண்டு மே 15-ந் தேதி, இருதய ஆபரேஷனுக்கு பின்பு ஜூன் இறந்துவிட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜானி பாட்டு பதிவு செய்தார். ஜூலை 5-ந் தேதி வர்ஜீனியாவில் ஜூனின் சொந்த ஊரில் கடைசியாக மேடை ஏறினார். செப்டம்பர் 12-ந் தேதி நாஷ்வில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 71.

அண்ணன் ஜாக் அடிக்கடி கனவில் வருவதாக சுய சரிதையில் எழுதியிருக்கிறார். கனவிலும் ஜாக்குக்கு வயது ஏறிக்கொண்டே வந்ததாம். எப்போதும் 2 வயது மூத்தவர். பாதிரியார்.

டையஸ் ஊரில் அவர்கள் வாழ்ந்த வீட்டை பழுது பார்த்து, 2014-ல் இருந்து பொதுமக்கள் பார்க்க திறந்துவிட்டிருக்கிறார்கள். 2024-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி வாஷிங்டனில் அமெரிக்க பாராளுமன்ற கட்டிடத்தில் ஜானி கேஷ் சிலை திறக்கப்பட்டது. சிலையின் முதுகில் கிட்டார் தொங்குகிறது. கையில் பைபிள்.